ஓரத்துல நிக்கிறவன்

ஏர்வாடிக்காரனுக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேக்குறது எனக்கே கேக்குது. எங்க ஊர்ல பந்துன்னா ரெண்டுதான். ஒண்ணு கடக்கரைல பசங்க அடிக்கிற ரப்பர் பந்து, இன்னொண்ணு பஸ் ஸ்டாண்டுல விக்கிற பந்து ரொட்டி :-) ஆனா போன மாசம் வீட்டுல நடந்த ஒரு பஞ்சாயத்துல ஒரு வைட் ரிசீவரோட கதையை நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதைத்தான் இங்க எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

பஞ்சாயத்து இதுதான். லாத்தா மகனுக்கு 20 வயசு. பி.காம் கடைசி வருஷம். கபடில ரைட் கார்னர் ஆடுறான். எங்க பக்கம் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி'ன்னு ஃப்ளெக்ஸ் வச்சாப் போதும், பய அங்க இருப்பான். சாயல்குடி, முதுகுளத்தூர், கமுதின்னு போகாத ஊர் கிடையாது. வேற மாவட்டத்துல ஒரு பயிற்சி மையத்துல ஒரு வருஷம் தங்கி ஆட வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. சாப்பாடும் தங்குற இடமும் அவங்க பொறுப்பு, சம்பளம் கிடையாது. அதே நேரத்துல மச்சான் அவனுக்கு சவூதில ஒரு சூப்பர் மார்க்கெட்டுல விசா பேசி வச்சிருக்கார். இதுக்கு நடுவுல, மாசி மாசம் ஒரு ஆட்டத்துல பயலோட வலது முட்டி திருகிடுச்சு. மதுரைல ஸ்கேன் எடுத்தாங்க. ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு, ஆபரேசன் வேணாம், ஆனா குறைஞ்சது மூணு மாசம் ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

லாத்தா எனக்கு போன் போட்டா.

"தம்பி, நீ சொன்னாத்தான் கேப்பான். காலை ஒடச்சுக்கிட்டு வந்து வாசல்ல உக்காந்தா எவன் பொண்ணு குடுப்பான்? விசா வந்திருக்கும்போதே போகச் சொல்லு."

எங்க ஊர் பக்கம் இது புதுசு ஒண்ணுமில்ல. மீசை மொளைச்சா பாஸ்போர்ட்டு. வீட்டுக்கு ஒரு சபுராளியாவது இருப்பாங்க. நானும் 21 வயசுல குவைத்துக்கு ஃப்ளைட் ஏறினவன்தான். நான் அங்க போனதாலதான் இந்தக் கதையே எனக்குத் தெரியும்.

*

2003 ஜனவரி. குவைத்துல அமெரிக்க ராணுவ முகாம் ஒண்ணுல சாப்பாட்டுக் கூடத்துல எனக்கு வேலை. தட்டு எடுக்கணும், மேசை துடைக்கணும், ஜூஸ் மெஷின்ல பாட்டில் மாத்தணும். ஈராக் போர் எப்போ வேணாலும் ஆரம்பிக்கும்ங்குற நேரம். கூடம் முழுக்க பசங்க. பாதிப் பேருக்கு 19, 20 வயசுதான் இருக்கும். எங்க ஊரா இருந்தா அவனுங்களை 'டேய் தம்பி'ன்னுதான் கூப்பிட்டிருப்பேன்.

ஜனவரி 26ஆம் தேதி சான் டியேகோவுல சூப்பர் பவுல். குவைத் நேரத்துக்கு 27ஆம் தேதி அதிகாலை ரெண்டரை மணி. அந்த ராத்திரி கூடத்தை மூடலை. பெரிய டிவி வச்சு, கோழி இறக்கையைப் பொரிச்சுப் பொரிச்சுத் தள்ளினோம். எனக்கு அந்த ஆட்டத்துல ஒண்ணும் புரியலை. ஹெல்மெட் போட்டவனுங்க கும்பலா மோதுறானுங்க, விசில் அடிக்கிறாங்க, திரும்பவும் வரிசைல நிக்கிறானுங்க. நம்மூர் ரேஷன் கடையே பரவாயில்லைன்னு தோணுச்சு.

டென்னசிக்காரன் ஒருத்தன்தான் கெட்சப் பாட்டிலையும் உப்பு டப்பாவையும் அடுக்கி வச்சு எனக்குப் பாடம் எடுத்தான். அவன் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன், ஏன்னா பின்னாடி தேவைப்படும்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கஜம். பந்து வச்சிருக்கிற அணிக்கு நாலு வாய்ப்பு. அதுக்குள்ள 10 கஜம் முன்னேறிட்டா இன்னும் நாலு வாய்ப்பு கிடைக்கும், இல்லேன்னா பந்து எதிராளிக்குப் போயிடும். பந்தோட கடைசி எல்லைக்குள்ள போயிட்டா டச்டவுன், 6 பாயிண்ட். பந்தை எறியிறவன் குவார்ட்டர்பேக். நடுவுல மலை மாதிரி ஆளுங்க மோதிக்கிட்டிருக்கும்போது, வரிசையோட ஓரத்துல, கோட்டுக்குப் பக்கத்துல, தனியா ஒல்லியா ஒருத்தன் நிப்பான். அவன்தான் வைட் ரிசீவர். நடுவுல இருக்கிறவன் பந்தைப் பின்னாடி குடுத்ததும் மொதல்லயே பேசி வச்ச பாதைல ஓடணும். அவன் திரும்பிப் பாக்குறதுக்கு முன்னாடியே குவார்ட்டர்பேக் பந்தை எறிஞ்சிருப்பான். ஆளைப் பாத்து எறியிறதில்ல, அந்த ஆள் வந்து சேரப்போற இடத்தைப் பாத்து எறியிறது. அவனை மடக்குறதுக்கு எதிர்ல நிக்கிறவன் பேரு கார்னர்பேக். அங்கேயும் ஒரு கார்னர், பாத்தீங்களா!

அன்னிக்கு வெள்ளை ஜெர்சி போட்ட அணி தோத்துக்கிட்டிருந்துச்சு. அணியோட பேரு ஓக்லாண்ட் ரெய்டர்ஸ். (இதை மருமகன்கிட்ட சொன்னப்ப "அங்கேயும் ரெய்டரா!"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான்.) ஒரு கட்டத்துல 34-3. விடிய ஆரம்பிச்சாச்சு. பசங்க பாதிப் பேரு தூங்கி வழியிறாங்க. கடைசிக் கால்பகுதில ஒரு நீள எறி. ஓரத்துலேருந்து ஒரு ஆள் ஓடி வந்து வாங்கி, 48 கஜம் கணக்குல டச்டவுன். கூடமே எந்திரிச்சு நின்னு கத்துச்சு. நம்ம டென்னசிக்காரன் ரெய்டர்ஸ் ரசிகனே கிடையாது, அவனும் கத்துறான்.

"யாருப்பா அது?"

"ஜெர்ரி ரைஸ். வயசு நாப்பது."

பேரே அரிசியான்னு எனக்குச் சிரிப்பு. ஆனா வயசைக் கேட்டதும் சிரிப்பு நின்னு போச்சு. நாப்பது வயசுல எங்க ஊர்ல ஓடுறவங்கன்னா ராமநாதபுரம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுவாங்க.

ரெய்டர்ஸ் 48-21ன்னு தோத்துப் போனாங்க. ஆனா நாலு சூப்பர் பவுல்ல டச்டவுன் பிடிச்ச முதல் ஆள்னு ரைஸ் பேரு அன்னிக்குப் பதிவாச்சு. ரெண்டு மாசத்துக்குள்ள, மார்ச் 20ஆம் தேதி, போர் ஆரம்பிச்சிடுச்சு. அந்தப் பசங்கள்ல முக்காவாசிப் பேர் வடக்க போயிட்டாங்க. கெட்சப் பாட்டில் வச்சு எனக்குப் பாடம் எடுத்தவனை அப்புறம் நான் பாக்கவே இல்ல.

*

அதுக்கப்புறம் ரைஸைப் பத்தி கிடைச்சதையெல்லாம் படிச்சேன். அவர் கதைல எனக்குப் பிடிச்ச விசயங்கள்:

1962ல மிசிசிப்பில பொறந்து, ஒரு பட்டிக்காட்டுல வளந்தவர். அப்பா கொத்தனார். கோடைல அப்பாகூட சித்தாள் வேலை. அண்ணன் தம்பிங்க கீழேயிருந்து செங்கல்லை எறிவாங்க, இவர் சாரத்து மேல நின்னு பிடிப்பார். அந்தக் கையிதான் அப்புறம் பந்து பிடிச்சுச்சு. பெரிய காலேஜ் எதுவும் கூப்பிடலை. மிசிசிப்பி வேலி ஸ்டேட்னு ஒரு சின்ன காலேஜ்ல படிச்சார். 1985ல சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸ் 16ஆவது ஆளா எடுத்தாங்க. முதல் வருஷம் லட்டு மாதிரி வந்த பந்தையெல்லாம் கீழ விட்டார். சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டாங்க. ஆனா மொத்தம் 20 சீசன் ஆடினார். 303 ஆட்டம். 1,549 தடவை பந்து பிடிச்சிருக்கார். 22,895 கஜம். 208 டச்டவுன். கஜத்தை கிலோமீட்டர் ஆக்கினா கிட்டத்தட்ட 21. ஏர்வாடிலேருந்து கீழக்கரை போயிட்டுத் திரும்பி வர்ற தூரம்னு வச்சுக்கங்க. அவ்வளவு தூரத்தையும் யாராவது ஒருத்தன் கால்ல விழுந்து இழுத்துப் போட வரும்போது கடந்திருக்கார். அவருக்கு அடுத்து ரெண்டாவது இடத்துல இருக்கிற லாரி ஃபிட்ஸ்ஜெரால்டே 5,000 கஜத்துக்கு மேல பின்னாடி இருக்கார்.

இங்க ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 303 ஆட்டத்துல 1,549 பிடின்னா ஆட்டத்துக்கு அஞ்சு. ஒரு அணி ஒரு ஆட்டத்துல பந்தோட 60 தடவைக்கு மேல வரிசைல நிக்கும். உலகத்துலயே பெரிய வைட் ரிசீவருக்கே அஞ்சு தடவைதான் பந்து கைக்கு வருது. மத்த 55 தடவையும் சும்மா ஓடணும், இல்ல எதிராளியைத் தடுத்து நிக்கணும். பந்து வராதுன்னு தெரிஞ்சே, வர்ற மாதிரியே ஓடணும். அப்பத்தான் எதிராளி ஏமாறுவான்.

கபடி கார்னரும் அதேதான். 13 மீட்டருக்கு 10 மீட்டர் களம், ஏழு பேரு, ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. கார்னர்ல நிக்கிறவன் பாதி நேரம் சும்மா நிக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனா ரெய்டர் கால் எடுத்து வைக்கிறப்பல்லாம் உள்ள வந்து வெளிய போகணும். போனஸ் கோட்டுல கால் வைக்கிறானா, திரும்புறானா, இடுப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். கண்ணைப் பாத்தா ஏமாத்திடுவான். 40 நிமிச ஆட்டத்துல ஒரு நல்ல கார்னருக்கு நாலஞ்சு பிடி கிடைச்சா அன்னிக்கு அவனுக்குப் பெருநாள்.

*

சரி, மேட்டருக்கு வருவோம். மருமகனுக்கு ஜெர்ரி ரைஸ் எல்லாம் பின்னாடி. அவன் செல்போன் முகப்புல இருக்கிற படம் சேரலாதன். தர்மராஜ் சேரலாதன். கபடி பாக்குறவங்களுக்கு அவரைச் சொல்லத் தேவையில்ல. பாக்காதவங்களுக்காகச் சொல்றேன்.

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1975ல பொறந்தவர். ப்ரோ கபடி லீக் 2014 ஜூலை 26ஆம் தேதி ஆரம்பிச்சப்ப அவருக்கு வயசு 39. மத்தவங்க ஓய்வு அறிவிச்சிட்டு கோச் ஆகுற வயசுல இவருக்கு லீக்கே ஆரம்பிக்குது! பெங்களூரு புல்ஸ்ல ஆடினார். 2016ல நாலாவது சீசன்ல பாட்னா பைரேட்ஸ் கேப்டன். ஜூலை 31ஆம் தேதி ஹைதராபாத்துல நடந்த ஃபைனல்ல ஜெய்ப்பூரை 37-29ன்னு ஜெயிச்சுக் கோப்பையைத் தூக்கினார். 41 வயசு! அதே வருஷம் அக்டோபர்ல அகமதாபாத்துல உலகக் கோப்பை. இந்திய அணில இவரும் இருந்தார். ஃபைனல்ல ஈரானை 38-29ன்னு ஜெயிச்சாங்க. அப்புறம் புனே, மும்பை. மும்பைல இடது கார்னர்ல ஈரான்காரர் ஃபாசல் அத்ராச்சலி, வலது கார்னர்ல நம்மாளு. 2019ல ஹரியானா ஸ்டீலர்ஸ் கேப்டன், அப்ப 44. அதுக்கப்புறமும் ஜெய்ப்பூர் அணில இருந்தார். 2024ல தமிழ் தலைவாஸ் பயிற்சிக் குழுவுக்கு வந்தார். ஹரியானாக்காரன், மராட்டியக்காரன், ஈரான்காரன் எல்லாருக்கும் இவர் 'அண்ணா'தான். டிவில ஹிந்தி வர்ணனைக்காரங்களே 'அண்ணா, அண்ணா'ன்னுதான் சொல்வாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் சேனல் மாத்தாம பாத்திருக்கேன்.

நம்ம பக்கத்துல இவருக்கு முன்னாடியும் ஆளுங்க உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994ல ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின அணில ஆடினவர், 1995ஆம் வருஷத்து அர்ஜுனா விருது வாங்கினவர். 2025ல மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படம் அவர் வாழ்க்கையைத் தழுவினதுதான். அந்தப் படம் வந்ததுலேருந்து எங்க ஊர்ப் பசங்க நடையே மாறிப்போச்சு. 2004ல 'கில்லி' வந்தப்பவும் இப்படித்தான் ஒரு கூட்டம் திரிஞ்சுச்சு, அது வேற கதை.

*

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவனைக் கூட்டிக்கிட்டு கடற்கரைக்குப் போனேன். முட்டில பட்டை கட்டியிருந்தான். போட்டுலேருந்து வலையை இறக்கிக்கிட்டிருந்தாங்க. கொஞ்சம் தள்ளி மணல்ல சின்னப் பசங்க கோடு கிழிச்சு கபடி ஆடிக்கிட்டிருந்தானுங்க. மணல்ல எப்படி விழுந்தாலும் அடிபடாது. மேட்டுல கதை வேற. ஷூ மேட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும், உடம்பு மட்டும் திரும்பும், நடுவுல மாட்டிக்கிறது முட்டி. இவனுக்கும் அப்படித்தான் ஆச்சு.

நான் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி ஆரம்பிச்சேன்.

"மாப்ள, லீக்ல மொத்தம் 12 அணி. ஒரு அணிக்கு கூடிப்போனா 25 பேரு. மொத்தம் 300. அதுல வெளிநாட்டுக்காரங்களும் இருக்காங்க. இந்தியா பூராவும் கபடி ஆடுறவன் எத்தனை பேரு? அமெரிக்கால ஸ்கூல்ல மட்டும் ஃபுட்பால் ஆடுற பசங்க பத்து லட்சம் பேருக்குக் கிட்ட. பெரிய லீக்ல இடம் 32 அணிக்கு 53 பேர் வீதம் 1,700கூட கிடையாது. உள்ள போனவனும் சராசரியா மூணு வருசம், மூணரை வருசம்தான் தாக்குப்பிடிக்கிறான்னு அவங்க வீரர்கள் சங்கமே சொல்லுது."

"தெரியும் மாமா."

"காசு இருக்கு, இல்லேன்னு சொல்லலை. 2014 முதல் ஏலத்துல அதிக விலை போன ராகேஷ் குமாருக்கு 12 லட்சத்து 80 ஆயிரம். 2022ல பவன் செராவத்தை தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க. என்னாச்சு?"

"முதல் மேட்ச்லயே முட்டி போச்சு."

அவனே சொன்னான். குஜராத்தோட ஆட்டம், 2022 அக்டோபர். களத்துல இறங்கின கொஞ்ச நேரத்துலயே ஒருத்தரைப் பிடிக்கப் போய் முட்டி திருகி, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. அந்த சீசன் பூராவும் வெளிய.

"அடுத்த வருஷமே தெலுங்கு டைட்டன்ஸ் ரெண்டு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல குடுத்து எடுத்தாங்களே மாமா."

"அவரு பவன் செராவத்துடா. அவருக்காகக் காத்திருப்பாங்க. உனக்கு?"

பதில் இல்ல. கொஞ்ச நேரம் மணலைக் காலால கிளறிக்கிட்டு இருந்தான். அப்புறம் மெதுவா கேட்டான்.

"மாமா, சபுர் நாப்பது வயசுலயும் போகலாம்ல?"

"போகலாம். போறாங்க."

"கார்னர்ல போய் நாப்பது வயசுல நிக்க முடியுமா?"

நான் மடக்கிட்டதா நெனச்சுக்கிட்டு, "ஏன், உங்க அண்ணா நின்னாரே, சேரலாதன்!"ன்னேன்.

"அவரு அதுக்கு முன்னாடி இருபது வருஷமா நின்னதாலதான் மாமா அன்னிக்கு நின்னாரு."

இதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க.

*

ராத்திரி படுத்துக்கிட்டு அதையேதான் யோசிச்சேன். நாம எல்லாரும் சேரலாதனை 39 வயசுலேருந்துதான் டிவில பாக்குறோம். ஜெர்ரி ரைஸை நானும் நாப்பதுலதான் பாத்தேன். நமக்கு அது அதிசயமா இருக்கு. அதுக்கு முன்னாடி யாரும் பாக்காத இருபது வருஷம் ஒண்ணு இருக்கு. லீக் இல்ல, ஏலம் இல்ல, பெரிய சேனல் எதுவும் எட்டிப் பாக்கலை. மண் தரை, டியூப்லைட்டு, கெலிச்சா ஒரு கோப்பை. அந்த 20 வருஷத்தையும் கூட்டினாத்தான் 2016ல தூக்கின கோப்பைக்குக் கணக்கு வரும்.

ஆனா லாத்தா கேக்குறதுலயும் நியாயம் இருக்கே. அந்த இருபது வருஷத்துக்கு சோறு யாரு போடுவா? 2014க்கு முன்னாடி நம்ம கபடிக்காரங்களுக்குச் சோறு போட்டது லீக் கிடையாது. ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கி, மின்வாரியம்னு விளையாட்டு ஒதுக்கீட்டுல கிடைச்ச வேலைதான் போட்டுச்சு. காலைல ட்யூட்டி, சாயங்காலம் பிராக்டிஸ். அந்த வழி இன்னிக்கும் அடைச்சுப் போயிடலை. தமிழ்நாடு அரசு வேலைல விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ஆனா அதுக்கு மாநில அளவுல, தேசிய அளவுல ஆடின சர்டிபிகேட் வேணும். நல்ல வேலைக்கு டிகிரியும் வேணும். மின்னொளிப் போட்டில வாங்கின அண்டா குண்டாவைக் காட்டினா ஆபீஸ்ல சேத்துக்க மாட்டாங்க.

ஆக, பய கேக்குறது லீக்குக்குப் போக ஒரு வருஷம் இல்ல. அந்த சர்டிபிகேட் கிடைக்குமா கிடைக்காதான்னு தெரிஞ்சுக்க ஒரு வருஷம். இப்படிப் பாத்ததும்தான் எனக்கே விசயம் தெளிவாச்சு. கோடி ரூபாய்க்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் நடுவுல சண்டைன்னு நாங்க எல்லாரும் கத்திக்கிட்டிருந்தோம். உண்மைல போட்டி, ஒரு சாதாரண அரசாங்க வேலைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் நடுவுலதான்.

*

மறுநாள் லாத்தா வீட்டுக்குப் போனேன். மச்சானும் இருந்தார். லாத்தா மீன் ஆணம் வச்சு, நெய்ச்சோறு வேற பண்ணியிருந்தா. தம்பி நம்ம பக்கம் பேசத்தான் வந்திருக்கான்னு நெனச்சிருப்பா போல.

மூணு விசயம் சொன்னேன்.

முதல் விசயம் பயலுக்கு. மூணு மாசம்னு டாக்டர் சொன்னா மூணு மாசம். அதுக்கு ஜெர்ரி ரைஸோட 1997ஐத்தான் சொன்னேன். அந்த வருஷம் சீசனோட முதல் ஆட்டத்துலயே இடது முட்டி ஜவ்வு கிழிஞ்சு போச்சு. சாதாரணமா வருஷம் பிடிக்கிற காயம். மனுஷன் மூணரை மாசத்துல டிசம்பர்ல திரும்பி வந்தார். கூட ஆடின ஜோ மொன்டானாவுக்கு மரியாதை பண்ற ராத்திரி அது. வந்தார், டச்டவுன் பிடிச்சார், கைதட்டல். அதே பிடில கீழ விழுந்தப்ப அதே கால் முட்டிச் சில்லு உடைஞ்சு போச்சு. சீசன் முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஒழுங்கா ஆறவிட்டு 1998ல வந்து 82 தடவை பந்து பிடிச்சார். "அவ்வளவு பெரிய ஆளுக்கே அவசரம் ஆகலைடா"ன்னேன். பய தலையை ஆட்டினான்.

ரெண்டாவது விசயமும் அவனுக்குத்தான். பி.காமை முடிச்சே ஆகணும். அரியர் வச்சுட்டு கார்னர்ல நிக்கக்கூடாது.

மூணாவது லாத்தாவுக்கும் மச்சானுக்கும். பரீட்சை முடிஞ்சதுலேருந்து ஒரு வருஷம் குடுங்க. அந்த ஒரு வருஷத்துக்குள்ள மாநில அணித் தேர்வு வரைக்கும் போகலேன்னா, அவனே வந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் குடுப்பான். அதுவரைக்கும் முட்டிக்குப் பாக்குற பிசியோதெரபி செலவு என்னோடது.

மச்சான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேட்டார்.

"விசா ஒரு வருஷம் காத்திருக்குமா மாப்ள?"

"இந்த விசா காத்திருக்காது மச்சான். வேற விசா வரும். நம்ம ஊருக்கு விசா வராத வருஷம் எது?"

"இப்ப முந்தி மாதிரி இல்ல. அங்கேயும் அவங்க ஆளுங்களுக்குத்தான் வேலைன்னு சட்டம் போட்டுக்கிட்டே போறான். ஒரு வருஷத்துல எப்படி மாறும்னு உனக்குத் தெரியுமா?"

அவர் சொல்றதும் சரிதான். எனக்குத் தெரியாதுதான். லாத்தா ஒண்ணும் பேசலை. எனக்கு இன்னொரு கரண்டி ஆணம் ஊத்தினா. பயலைப் பாத்து, "முட்டி நல்லாவற வரைக்கும் மாடிப்படி ஏறாதே"ன்னா. எங்க லாத்தா சம்மதம்னு வாயால சொல்ல மாட்டா, இப்படித்தான் சொல்லுவா. மச்சான் இன்னும் முழுசா சம்மதிக்கலை. விசாக்காரங்களுக்கு 'வேணாம்'னும் சொல்லலை, 'அனுப்புறேன்'னும் சொல்லலை. போன் வந்தா எடுக்காம வச்சிருக்கார், அவ்வளவுதான்.

*

போன அக்டோபர்ல, அதாவது 2025ல, பஹ்ரைன்ல ஆசிய இளையோர் விளையாட்டு நடந்துச்சு. கபடில இந்தியாவுக்கு ரெண்டு தங்கம். பொண்ணுங்க அணில கண்ணகி நகர் கார்த்திகா, பசங்க அணில வடுவூர் அபினேஷ். எங்க ஊர்லேருந்து பஹ்ரைனுக்கு எத்தனையோ பேர் போயிருக்காங்க. எல்லாரும் வேலை விசால போனவங்கதான். ஆடுறதுக்காக ஒரு புள்ள அங்க போயி கழுத்துல பதக்கத்தோட திரும்பி வரும்னு எங்க வாப்பா காலத்துல சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. மருமகன் அந்தச் செய்தியை அவங்க உம்மாகிட்ட காட்டினப்ப, "அந்தப் புள்ளையோட உம்மாவும் என்னை மாதிரித்தான் ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்திருப்பா"ன்னு சொல்லியிருக்கா. பதக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல!

இப்ப நிலவரம் என்னன்னா, பய காலைல ஃபஜ்ர் முடிஞ்சதும் கடற்கரைல நடக்குறான். ஓட்டம் கிடையாது, நடை மட்டும். சுவத்துல முதுகை ஒட்டி உக்காந்து எந்திரிக்கிற பயிற்சி ஒண்ணு பிசியோ சொல்லிக் குடுத்திருக்கார், அதை ஒரு நாளைக்கு மூணு வேளை பண்றான். காஸ்ட் அக்கவுண்டிங் புக்கை மடில வச்சுக்கிட்டே அதைப் பண்றானாம், லாத்தா சொன்னா. எந்த அளவுக்கு உண்மைன்னு தெரியலை.

பதிவு எழுதினதுக்கு ஒரு சுயநலமான காரணமும் இருக்கு. உங்கள்ல ரயில்வேலயோ போலீஸ்லயோ விளையாட்டு ஒதுக்கீட்டுல சேந்தவங்க யாராவது இருந்தா, இல்ல உங்க வீட்டுல யாராவது இருந்தா, எந்தெந்தப் போட்டி சர்டிபிகேட்டை எடுத்துக்குறாங்க, வயசு வரம்பு என்ன, எப்போ விண்ணப்பம் போடணும்னு பின்னூட்டத்துல கொஞ்சம் விவரமா எழுதுங்க. கும்மி அடிக்கிறவங்க அதுக்கப்புறம் அடிச்சுக்கலாம். மச்சான்கிட்ட காட்டுறதுக்கு எனக்கு ஜெர்ரி ரைஸ் போதாது. நம்மூர் ஆளு ஒருத்தர், நம்மூர் பேர்ல, மாசச் சம்பளத்தோட வேணும்.

டிஸ்கி: வைட் ரிசீவர்னா என்னன்னு லாத்தாவுக்கு விளக்கிச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "பந்தை நடுவுல நிக்கிறவன்கிட்டயே குடுக்க வேண்டியதுதானே, எதுக்கு அந்தப் புள்ளையைத் தனியா ஓரத்துல நிக்க வைக்கிறாங்க?"ன்னு கேட்டா. தெரிஞ்சவங்க இதுக்கும் பதில் சொல்லலாம்.